பார்சார்ட் அண்ணனின் கரீபியன் கடற்கரை

துபாயில் கட்டியிருக்கிற கட்டடங்கள் எல்லாம் ஒருநாள் மண்ணோடு மண்ணாகப் போனாலும், பார்சார்ட் அண்ணன் போட்ட கரீபியன் பயணத்திட்டம் மட்டும் அசையாமல் நிற்கும். அப்படி ஒரு திட்டத்தை அவருக்கு முன்னால் யாரும் போட்டதில்லை. அதன்படி அவர் ஒருநாளும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

கராமாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். அண்ணனுக்குப் பேராவூரணிப் பக்கம். ஹோட்டல் கட்டுகிற ஒரு கம்பெனியில் பிளானிங் வேலை. எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று கோடு கோடாக வரைந்து வைப்பார்கள் இல்லையா, அந்த பார் சார்ட்தான் அவர் பிழைப்பு. பிழைப்போடு விட்டிருந்தால் பிரச்சினையில்லை. அவர் அதை அறைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம். கதவில் சார்ட் ஒட்டினார். எனக்கு 5.40 முதல் 5.52 வரை, அதில் இரண்டு நிமிடம் சலுகை. குளிக்காமல் போனாலும் கையெழுத்துப் போட வேண்டும். சாம்பாரில் உப்பு குறைந்தால் சைட்டில் எழுதுவதுபோல குறைப்பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவார். 'உப்பு போதாது, முருங்கைக்காய் முற்றல், இருபத்துநாலு மணி நேரத்தில் சரிசெய்யவும்.' ஒருமுறை அவருக்கே சிறுநீரகத்தில் கல் வந்தது. வலியில் துடித்துக்கொண்டே அது வெளியேற வேண்டிய தேதிக்கும் ஒரு கோடு போட்டார். கல் நான்கு நாள் தாமதம். அதற்கும் காரணம் எழுதி வைத்தார்.

எங்கள் அறையில் மூத்தவர் அலாவுதீன் பாய். காயல்பட்டினத்துக்காரர், தேராவில் மசாலா சாமான் கடை. "இவன்ட ஜனாசாவும் டயத்துக்குத்தான் கெளம்பும்" என்று இறுதி ஊர்வலத்தையே இழுப்பார். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். நேரத்துக்குக் கிளம்பினால் நல்லதுதானே என்று யோசிப்பார்.

அண்ணி ஊரில் பள்ளிக்கூட டீச்சர். வேலையை விட்டு வர முடியாது. ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். மகள் அப்பா செல்லம். சின்னவன் கதைதான் வேறு. போனில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை. அண்ணன் லீவில் போனபோது முப்பது நாளும் கிட்டே வராமல் தாய்மாமா தோளிலேயே கிடந்திருக்கிறான். இருபதாம் நாள் மாமா காதில் கேட்டானாம்: "அந்த அங்கிள் எப்ப ஊருக்குப் போவாரு?"

இதை எங்களிடம் சொன்ன அன்றைக்கு அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு தோசையைப் பிட்டார், சாப்பிடவில்லை. மறுநாள் சுவரில் புதிய சார்ட் ஏறியது. தலைப்பு: குடும்பக் கடற்கரைப் பயணம், கரீபியன்.

ஏன் கரீபியன் என்று கேட்டோம். கொழும்பு இருக்கிறது, மாலத்தீவு இருக்கிறது. அண்ணன் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கெல்லாம் நம்மாளு எவனாச்சும் வந்து நிப்பான் தம்பி. மாமான்னுவான், சித்தப்பான்னுவான், இவன் அவன்கிட்டத் தாவிடுவான். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்லாத ஊரு வேணும். அப்ப எங் கையத்தானே புடிச்சாகணும்?"

அதன்பிறகு யாரும் கேலி செய்யவில்லை. ஒரு பத்து நிமிடத்துக்கு.

தீவுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். டிரினிடாட்டில் நம் நாட்டிலிருந்து போனவர்களின் சந்ததி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று தெரிந்ததும் அதற்குச் சிவப்பு மை. குவாதலூப்பில் மாரியம்மன் கோயில் இருக்கிறது என்று நான் சொன்னதும் அதற்கும் சிவப்பு மை, எனக்கும் ஒரு முறைப்பு. தேராவில் டிராவல்ஸ்காரரிடம் போனோம். வருகிறவர்கள் எல்லாம் அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா, தமிழாளுங்க இருப்பாங்களா என்று கேட்கக் கேட்டே பழகியவர் அவர். "ஒரு தமிழன்கூட இருக்கக் கூடாது, உத்தரவாதமாச் சொல்லுங்க" என்று கேட்ட முதல் ஆள் அண்ணன்தான். அவர் எழுந்து நின்று அண்ணனை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, வாயில் நுழையாத பெயருடைய ஒரு குட்டித் தீவைக் காட்டினார்.

நாற்பது நாள் லீவு, மே மாதம். ஜனவரியிலேயே சார்ட் சுவரின் பாதியைப் பிடித்துவிட்டது. 'மணல்வீடு கட்டுதல்.' அதற்குக் கீழே 'மணல்வீட்டை இடித்தல், மகனால்.' 'பசி அழுகை, இருபது நிமிடம்.' 'காரணமற்ற அழுகை, பத்து நிமிடம்.'

பிப்ரவரியில் வந்தது மாக்கப். ஹோட்டல் கட்டும்போது முந்நூறு அறைகளையும் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஓர் அறையை மட்டும் கட்டில் மெத்தை வரைக்கும் முழுதாக முடித்து முதலாளிக்குக் காட்டுவார்கள். அவர் தலையாட்டினால்தான் மற்றது. அதற்குப் பெயர் மாக்கப். பயணத்துக்கும் மாக்கப் பார்க்காமல் எப்படிப் போவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மம்சார் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

ஒத்திகையில் நான்தான் சின்னவன். அலாவுதீன் பாய், ஐம்பத்திரண்டு வயது, வெள்ளைத் தாடி, ஒன்பது வயது மகள். அண்ணியாக இருக்க யாரும் முன்வராததால் ஐஸ் பெட்டியை அண்ணியாக வைத்தோம். அண்ணன் அதனிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பாய் முகத்தில் வெயில் கிரீம் பூசினார். 10.40க்கு நான் அழ வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, 10.43க்குத்தான் அழுதேன்.

"மூணு நிமிஷம் டிலே தம்பி" என்று குறித்துக்கொண்டார்.

ரோந்து வந்த பாகிஸ்தானிக் காவலர் பைக்கை நிறுத்தினார். மணலில் உட்கார்ந்து ஒரு தடியன் அழுகிறான், பக்கத்தில் தாடிக்காரர் மணல்வீடு கட்டுகிறார். என்ன நடக்கிறது என்று இந்தியில் கேட்டார். அண்ணன் சார்ட்டை நீட்டி "மாக்கப், பாய்" என்றார். அவரும் முன்பு சைட்டில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது. அச்சா என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரலில் குண்டு விழுந்தது. ஹோட்டலை மே மாதம் ஒப்படைக்க வேண்டும், ஊரைவிட்டு ஒரு நாள்கூட நகரக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் பாத்ரூம் கதவில் கையெழுத்து வாங்கவில்லை. ஆறு பேரும் அவரவர் இஷ்டத்துக்குக் குளித்து ஆறு பேரும் டியூட்டிக்கு லேட். அந்த மனிதர் எங்களை எப்படித் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

பாய்தான் பேசினார். நீ போகமுடியாவிட்டால் பிள்ளைகள் வரட்டும், விசிட் விசா எடு என்றார். இங்கே எல்லாரும் தெரிந்தவர்களாயிற்றே என்று அண்ணன் முனகினார். பிறகு ஒத்துக்கொண்டார். அதே கட்டடத்தில் ஊருக்குப் போயிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டை இரண்டு வாரத்துக்குக் கேட்டு வாங்கினோம்.

அண்ணன் பயந்தது ஏர்போர்ட்டிலேயே நடந்தது. பாய் ஒரு பொட்டலம் பிஸ்தாவோடு நின்றிருந்தார். சின்னவன் அண்ணனைப் பார்த்தான், பிஸ்தாவைப் பார்த்தான், பாயிடம் தாவிவிட்டான். மூன்று நாள் பாய் தோளிலிருந்து இறங்கவில்லை. பாய் தாத்தா ஊட்டினால்தான் சோறு. பாய்க்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியே குற்ற உணர்ச்சி.

நான்காம் நாள் அண்ணன் சமையற்கட்டுக்கு வந்து, நாளைக்குச் சாயங்காலம் மம்சார் போகிறோம், நீங்கள் யாரும் வர வேண்டாம் என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. சரி என்றோம்.

மறுநாள் பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. "இவன் சார்ட்டப் பாத்துக்கிட்டு நிப்பான், புள்ள தண்ணிக்குள்ள போயிருவான்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். தூரத்தில் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்தோம். பாய் தொப்பியைக் கழற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கிடைத்த பேப்பரை விரித்துக்கொண்டார். அண்ணன் எங்களைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திட்டினால் சின்னவன் பார்த்துவிடுவான். என் போனில் செய்தி வந்தது: 'நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாதவர்கள். 5.30 முதல் 6.00 வரை.'

5.30க்கு அண்ணியும் மகளும் சார்ட்டில் இருந்தபடியே ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள். சின்னவன் அண்ணனிடமிருந்து நாலடி தள்ளி மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். அலை வந்து ஒற்றைச் செருப்பை இழுத்துப் போனது. அவன் அலறிக்கொண்டு எழுந்தான், அம்மாவைத் தேடினான், காணோம். எங்களைப் பார்த்துவிட்டான். "பாய் தாத்தா" என்று நேராக ஓடி வந்தான்.

பேப்பருக்குப் பின்னால் பாய் மூச்சை அடக்குவது எனக்குக் கேட்டது. அவர் மடிக்கு எட்டும் தூரத்தில் பிள்ளை நிற்கிறான், கன்னமெல்லாம் கண்ணீர். பாய் பேப்பரை ஒரு விரற்கடை இறக்கி, கடை வாசலில் வம்பு செய்கிற ஆளிடம் சொல்வதுபோல் சொன்னார்: "மாஃபி மாலூம்."

தெரியாது என்று அர்த்தம். அதை இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன ஒருவரை வளைகுடா பார்த்திருக்காது.

சின்னவன் விழித்தான். என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். சுற்றிலும் என்னென்னவோ பாஷை. அவன் திரும்பி, வந்ததைவிட வேகமாக ஓடி, அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டான்.

"அப்பா, அந்த ஆளு யாருன்னே தெரியல. தூக்குப்பா."

நாற்பது நாள் பயணத்துக்கு நூற்றுக்கணக்கில் கோடு போட்டவர், இதற்கு ஒரு கோடும் போட்டிருக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சார்ட் மணலில் விழுந்து அலையோடு போனது. பிறகு மகனைத் தூக்கிக்கொண்டார். என் பக்கத்தில் பாயின் பேப்பர் குலுங்கிக் குலுங்கி ஆடியது. அது மலையாளப் பேப்பர், தலைகீழாக வேறு பிடித்திருந்தார்.

மறுநாள் சின்னவன் அப்பாவின் தோளில் இருந்தபடி பாயிடம் சொன்னான்: "ஒங்கள மாதிரியே ஒரு தாத்தா பீச்ல இருந்தாரு." நல்லவரா என்று பாய் கேட்டார். இல்லை, பேசவே மாட்டார் என்றான்.

அண்ணன் இப்போது குவைத்தில், ஃபஹாஹீலில் இருக்கிறார். போன விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், மகன் தன்னைவிட்டு நகர மாட்டேன் என்கிறான், இதனால் எல்லா வேலையும் தாமதம் என்று எனக்குக் குறைப்பட்டியல் அனுப்பியிருந்தார். நான் கராமாவில்தான் இருக்கிறேன். இன்றும் 5.40க்குக் குளிக்கப் போகிறேன், கதவில் சார்ட் இல்லாவிட்டாலும். எத்தனையோ வருடம் ஒரே அறையில் அவரோடு இருந்திருக்கிறேன். ஆனால் தெரியாதவன் மாதிரி அந்த மணலில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான், அந்த மனிதர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்று தெரிந்தது.