கரிச்சட்டியும் ஒரு சின்னக் கருத்தும்

கருத்துச் சொல்லி என்று ஓர் இனம் இருக்கிறது. அதில் எத்தனையோ வகை. நாம் இங்கே பார்க்கப்போவது இணைய விளையாட்டுக் கருத்துச் சொல்லியை. ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்தபடியே ஒரே மாய உலகத்துக்குள் புகுந்து, வாள் சுழற்றி, மந்திரம் போட்டு, பூதத்தை விரட்டுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் பூதத்தை விரட்டாமல், அதன் கொம்பு ஏன் இவ்வளவு குட்டை என்று நின்று விசாரிக்கும் ஒருவர் இருப்பார். அவர்தான். ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்றீர்களோ, மாட்டினீர்கள்.

அடையாளம் காண்பது சுலபம். அவர் எழுதும் எதுவும் "சின்னதாக ஒரு கருத்து" என்று தொடங்கும், நாலு பக்கம் ஓடும். விளையாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், "நான் இன்னும் ஆடிப் பார்க்கவில்லை, ஆனாலும்" என்று ஆரம்பித்து, அது தேறாது என்று முடிப்பார். தோற்றால் வடிவமைப்புக் கோளாறு. ஜெயித்தால்? அதுவும் கோளாறுதான், இவ்வளவு எளிதாகவா வைப்பார்கள்? வருடத்துக்கு இரண்டு தடவை "இத்துடன் விடைபெறுகிறேன்" என்று உருக்கமாக எழுதிப் போட்டுவிட்டு வெளியேறுவார். போகாதீர்கள் என்று எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள் என்று பார்க்க மறுநாள் காலையிலேயே திரும்பி வருவார். போன தடவை கெஞ்சியவர் ஒரே ஒருவர். அது அவருடைய மச்சினன்.

நம்மவர் தொழிலால் கண் பரிசோதகர். காலையிலிருந்து சாயங்காலம்வரை கடையின் பின்பக்கச் சின்ன இருட்டறையில், வருகிறவர் மூக்கின்மேல் கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்துச்சா?" என்று பொறுமையாகக் கேட்கிறவர். வீட்டுக்கு வந்து விளையாட்டைத் திறந்தால் அதே கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்வார். பதில் என்றைக்கும் ஒன்றுதான். முன்னதான்!

"ஏங்க, குளியலறைக் குழாய் ஒழுகுதுங்க" என்பார் மனைவி.

"அது குழாயோட தப்பு இல்ல. திருகுற பிடியை எந்தப் பக்கம் வச்சிருக்கான் பாரு. யோசிச்சா செஞ்சிருக்கான்?"

"யாரு யோசிச்சா எனக்கென்னங்க, தண்ணி சொட்டுதே!"

அந்தக் குழாய் இன்றும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மனிதருக்கு விளையாட்டுக்குள் ஒரு குதிரை இருந்தது. கன்னங்கரேல் என்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு. ஆறு வருடத்துக்கு முன்னால் அது குட்டியாக வந்தபோது வாயில் நுழையாத வீரப்பெயர் ஒன்றை யோசித்து வைத்திருந்தார். மடியில் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகள் முந்திக்கொண்டு, "கரிச்சட்டி!" என்றாள். அதுவே நிலைத்துவிட்டது. பூதப்படை நடுங்கும் போர்க்களத்தில், தங்கக் கவசம் பூட்டிய அந்தக் குதிரையின் தலைக்குமேல் கரிச்சட்டி என்று எழுத்து மிதந்துகொண்டிருக்கும். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அப்பாவோடு பேச அவளிடம் முன்னைப்போல அதிக விஷயம் இல்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் அவர் விளையாட்டைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, "அப்பா, கரிச்சட்டி சாப்பிட்டுச்சா?" என்று கேட்காமல் இருக்கமாட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் கடையை மூடியதும் மூடாததுமாக ஓடி வருவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கருத்தாக இருந்தால் சொல்லியிருப்பார்.

அவருடைய கருத்துகளிலேயே பெரிய கருத்து சாவைப் பற்றியது. அந்த விளையாட்டில் செத்தவன் அடுத்த நிமிடமே சத்திரத்து வாசலில், கவசமும் குதிரையுமாக எழுந்து நிற்பான். நம்மவருக்கு இது பொறுக்கவில்லை. இழப்பு இல்லாத சாவு ஒரு சாவா? வீரன் விழுந்தால் அவன் குதிரையும் நிரந்தரமாகப் போய்விட வேண்டும் என்று ஆறு வருடமாக, விடாப்பிடியாக, பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்ப கரிச்சட்டி?" என்றாள் மகள் ஒருநாள்.

"அடி அசடு, செத்தாத்தானே? அப்பா எதுக்கும்மா சாகப்போறேன்? ஆடத் தெரியாதவங்களுக்குத்தான் அந்தச் சட்டம்."

அப்புறம் நடந்ததுதான் இந்த இனத்துக்கு வரக்கூடாத ஆபத்து. விளையாட்டு நிறுவனம் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டது! "நீண்டகால விளையாட்டாளர் ஒருவரின் கருத்தை ஏற்று, வரும் ஞாயிறு பகல் முதல்..." என்று அறிவிப்பு வந்தது. நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர், ஓடவும் முடியாமல் அரைமணி நேரம் குதிரைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லதுங்க" என்றார் கடைசியில். "என் கண்ணுக்கு என்னங்க?"

ஞாயிறு வந்தது. சாப்பாடு முடிந்து, மனைவி குழாயடியில் வாளியை மாற்றி வைத்துக்கொண்டிருக்க, நம்மவர் கரிச்சட்டிமேல் ஏறிக் கம்பீரமாகக் கிளம்பினார். காதில் மாட்டிய கருவியில் மச்சினன் குரல். அவன் தன் வீட்டிலிருந்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தான். ஆற்றுப் பாலத்தின் நடுவில் நம்மவர் சடாரென்று குதிரையை நிறுத்தினார். சட்டம் வந்தது சரி, ஆனால் அறிவிப்பில் ஒரு வரி உறுத்தியது. உயிர் குறையும்போது திரை சிவந்து எச்சரிக்கும் பழைய ஏற்பாடு அப்படியே இருக்குமாம். எச்சரிக்கையா? அது கோழைகளுக்கு அல்லவா? அவர் எப்போதோ தம்முடைய எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தார்; கண் பரிசோதகர் அல்லவா, அந்தச் சிவப்பு அவர் கண்ணுக்கு ஆகவில்லை. எழுதும் பலகையைத் திறந்தார். அது திரை முழுவதையும் மறைத்தது. தட்டத் தொடங்கினார்: சின்னதாக ஒரு கருத்து.

"மாமா, பின்னாடி ஒரு வாத்து வருது" என்றான் மச்சினன்.

"வாத்துதானே? விடுடா."

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த உலகத்திலேயே மட்டமான எதிரி அந்த வாத்து. வாள் பிடிக்கப் பழகுகிறவர்களுக்காக விட்டு வைத்திருப்பது. அது கொத்தினால் கடுகளவு உயிர் குறையும். நம்மவரைக் கொல்ல அதற்கு நானூறு கொத்தாவது வேண்டும்.

ஆனால் நாலு பக்கம் எழுத எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறீர்கள்?

"மாமா, கொத்துது மாமா."

"இருடா, மூணாவது பக்கம் வந்துட்டேன்."

"மாமா, நான் இந்தக் கரையில ஒரு பூதத்துக்கிட்ட மாட்டிக்கிட்டேன், வர முடியல. திரும்பியாவது பாருங்க!"

"எச்சரிக்கை வேண்டாம்னு எழுதிட்டிருக்கேன், நீ எச்சரிக்கை பண்ணிட்டிருக்க!"

கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்து, பலகையை மூடினார். சத்திரத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கவசம் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அந்தச் சத்தம் கேட்டு மகள் வந்தாள்.

"கரிச்சட்டி எங்கப்பா?"

"அது... வடிவமைப்புல ஒரு கோளாறும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். "உங்க கருத்துதானேப்பா அது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்படி ஓர் அடி விழுந்தால் இந்த இனம் என்ன செய்யும்? எழுதும். "எந்த மடையன் பேச்சைக் கேட்டு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தீர்கள்?" என்று முதன்முறையாக ஒரே வரியில், நிஜமாகவே சின்னதாக, நிறுவனத்துக்கு எழுதினார்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இயந்திரம் அனுப்புவதுதானே, அதற்கு ஆள் முகம் தெரியாது. முதல் கடிதம் அவர் வருத்தத்துக்கு நன்றி சொன்னது. இரண்டாவது, சட்டத்தை முன்மொழிந்தவருக்கு: "தங்கள் யோசனையை ஒரு விளையாட்டாளர் கடுமையாகக் குறை கூறியுள்ளார். இது பற்றித் தங்கள் கருத்து என்ன?"

கருத்து என்ன! ஆறு வருடத்தில் அவர்களாக வந்து கேட்பது இதுவே முதல் தடவை. அந்த விளையாட்டாளர் தாமேதான் என்று தெரியும்; ஆனால் கேட்டுவிட்டார்களே, விடமுடியுமா? நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு குதிரைக்காகப் புலம்புகிறவர்கள் இந்த விளையாட்டுக்கே லாயக்கில்லை என்று தொடங்கி, வாத்தைக்கூடச் சமாளிக்கத் தெரியாத அந்த விளையாட்டாளரைக் கிழி கிழியென்று கிழித்து, நாலு பக்கம் எழுதி அனுப்பினார். திரும்பினால், பள்ளிக்கூடப் பையோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் படித்திருந்தாள்.

"அப்பா, நான் தனியா ஒரு கணக்கு தொடங்கியிருக்கேன். குட்டி ஒண்ணு கிடைச்சிருக்கு, வெள்ளைக் குட்டி" என்றாள். "நீங்க வந்து பாக்கலாம். பேர் மட்டும் நான்தான் வைப்பேன், நீங்க எதுவும் சொல்லக்கூடாது."

அதே திரையில் குட்டியைக் காட்டினாள். அவர் வாயைத் திறந்தார். குட்டியின் பின்னங்கால் கொஞ்சம் கோணலாக இருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவருக்கு. மகள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் விழுங்கிய முதல் கருத்து அது. விழுங்கியதில் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று கேள்வி.

போகட்டும். உங்களுக்கு இதற்குள் தோன்றியிருக்குமே? வாத்துக்குப் பதில் ஓநாயாக வைத்திருக்கலாம், கரிச்சட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், அந்தக் குழாயையாவது கடைசியில் சரிசெய்திருக்கலாம் என்று? தோன்றட்டும், தப்பில்லை. பேனாவைத் தேடுகிறீர்களா? தேடுங்கள். எழுத உட்காருவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.