சோடா போட்டுக் கழுவிய காரும் அக்காவின் மூக்கும்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். கண் புரையால் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அத்தானை வாசிக்கச் சொல். ஆனால் நடுவில் நிறுத்தி அவர் சிரிக்கக் கூடாது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது, மேற்கொண்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா, கார் சுத்தமாகிவிட்டது. உள்ளே ஒரு பொட்டு வாசனை கிடையாது. நீ தாராளமாக ஏறி உட்காரலாம்.

போன வருடம் நடந்ததை நான் மறக்கவில்லை. என் காரில் வரும்போது பாதி வழியில், உள்ளே வாசனை தாங்கவில்லை என்று உனக்கு மூச்சு முட்டி, கண்ணெல்லாம் சிவந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாய். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "எல்லாம் மனப்பிரமைக்கா, எனக்கு ஒண்ணும் வரலையே" என்று சொல்லித் தொலைத்தேன். நீ வேறு வண்டி பிடித்துத் திரும்பிப் போனாய். பதினான்கு மாதம் ஆகிறது, இந்த வீட்டு வாசலை நீ மிதிக்கவில்லை. இப்போது அத்தான் போனில், "ஆபரேஷனுக்கு வாடகை வண்டியில வந்து, விடுதியில ரூம் போட்டுக்கிறோம் மாப்ளே, உனக்கு ஏன் சிரமம்" என்கிறார். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நாலாவது தெரு. கூடப்பிறந்தவன் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்க, நீ கண்ணில் கட்டோடு விடுதியில் படுத்துக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்குமா?

அதனால்தான் உன் தம்பி பெண்டாட்டி, எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் போட்டு, மருந்து வாடை இல்லாமல் காரைச் சுத்தம் செய்வது எப்படி என்று கேட்டாள். நீ சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள். சீட்டில் இருந்தது இதுதான்: "சீட் முழுக்க சோடா. ஒரு பகல் ஊறட்டும். பிறகு உறிஞ்சி எடுக்கவும். வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கவும்." நீயே சொல், சோடா என்றால் உலகத்தில் யாருக்கும் என்ன நினைவு வரும்? கடைக்குப் போய் இரண்டு டஜன் பாட்டில் வாங்கினேன். கடைக்காரர், "வீட்டுல விருந்தாளி நிறையவோ?" என்றார். "ஒருத்தர்தான், அவங்க வரணும்னுதான்" என்றேன்.

பாட்டிலைத் திறந்து திறந்து ஊற்றினேன் அக்கா. புஸ்ஸென்று நுரை பொங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, அழுக்கெல்லாம் அலறிக்கொண்டு ஓடுகிறது என்றே நினைத்தேன். பதினேழாவது பாட்டிலில் அவள் வெளியே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அவங்க சொன்னது சமையல் சோடாங்க, மாவு மாதிரி இருக்குமே, அது." "அப்ப உறிஞ்சி எடுக்கச் சொன்னது?" "அது மெஷின்ல." என் கையில் இருந்த உறிஞ்சுகுழலை அப்போதுதான் அவள் பார்த்தாள். அன்று அவள் சிரித்த சிரிப்பை நான் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை.

சீட் காய மூன்று நாள் வெயில் பிடித்தது. நாலாம் நாள் சரியான சோடாவைச் சல்லடையில் சலித்துத் தூவினேன். மாலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர், தன் கடையில் பஞ்சு உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு பொத்தான். ஒரு பக்கம் அழுத்தினால் இழுக்கும், மறுபக்கம் அழுத்தினால் ஊதும். அதை அவர் சொல்வதற்குள் நான் உள்ளே ஏறிக் கதவையும் சாத்திக்கொண்டு, ஊதும் பக்கத்தை அழுத்திவிட்டேன். நல்லபடியாக வெளியே வந்தேன், ஆனால் புருவம் முதல் கால்வரை வெள்ளையாக வந்தேன். தையல்காரர், "சார், நீங்க இருக்கீங்கன்னு தும்மல வச்சுதான் தெரியுது" என்றார். பிறகு அவரே இழுக்கும் பக்கம் அழுத்தி, மூலை முடுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் கார் சீட்டுக்கு அடியில் இருந்து, அன்று நீ ஏறுவதற்கு முன்பே நான் வாங்கி வைத்திருந்த மூன்று வாசனை டப்பாக்களும் வெளியே வந்தன. ஒன்று வாங்கி வைத்தேன், வாசனையே வரவில்லை. இன்னொன்று வாங்கினேன், அதுவும் வரவில்லை. மூன்றாவதும் அப்படியே. ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டிக்கொண்டே வாங்கியவை, மூன்றையும் தூக்கி எறிந்துவிட்டேன். கடைசியாக வினிகர். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் என்றாள். கலந்து முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. இதுவும் கலப்படம் போலிருக்கிறது என்று இன்னொரு பாட்டிலையும் முழுசாக ஊற்றித் துடைத்தேன். துடைத்த துணிகூட சோப்புத்தூள் படாமல் வெறும் வெந்நீரில் அலசியது. பிறகு நாலு கதவையும் திறந்து போட்டேன். எதிர்வீட்டுப் பூனை மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு ஏனோ உடனே இறங்கிப் போய்விட்டது.

இப்போது உள்ளே தலையை விட்டு எத்தனை தடவை இழுத்துப் பார்த்தாலும் ஒன்றும் வரவில்லை. என் மூக்குதான் சாட்சி. அன்று நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அக்கா, எனக்கு நிஜமாகவே ஒன்றும் வரவில்லையே, இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்ல? அதை விடு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் காரோடு நிற்பேன். முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம். கண் நல்லபடியாகத் தெரிந்து, என் நரைத்த தலையை நீ பளிச்சென்று பார்த்துக் கேலி செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். நான் எழுதியதை வாசித்துவிட்டு உன் தம்பி பெண்டாட்டி காருக்குள் போய்ப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். வினிகர் நெடி தெருமுனை வரை வருகிறதாம். நான் இல்லை என்று சாதித்தேன். அவள் ஒரு உரித்த வெங்காயத்தை என் மூக்கருகே நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த நாலாவது தெரு ஆஸ்பத்திரிக்கே போனாள். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறதாம். "உங்களுக்கு வாசனை தெரிஞ்சு ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்" என்றார் அங்கே மூக்கு பார்க்கும் டாக்டர். அக்கா, அன்றைக்கு அந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்தது உன் மூக்கு ஒன்றுதான். என்னை மன்னித்துவிடு. வெள்ளிக்கிழமை காரில் வர வேண்டாம், அது இன்னும் ஒரு மாதம் காயட்டும். நான் முதல் ரயிலில் வருகிறேன். ஜன்னலோரம் நீ உட்கார், பக்கத்தில் நான் உட்காருகிறேன்.