புருனோவுக்கு முதல் மரியாதை

உலகத்தில் மேல் கீழ் பாராமல் எல்லோரையும் சமமாக நடத்துபவை மூன்று: மழை, மரணம், ரவுட்டர். முதல் இரண்டும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு எப்போதோ வந்துவிட்டன. மூன்றாவது போன மாசியில் வந்தது.

பசறை டவுனுக்கு மேலே, மேகம் வந்து மேய்ந்துவிட்டுப் போகிற உயரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஆபீஸ் சுவரில் ரவுட்டரை ஏற்றிய அன்று தேங்காய் உடைத்து, அதன் நான்கு கொம்புக்கும் சந்தனம் வைத்தோம். கொம்புள்ளதெல்லாம் ஒருவகையில் நந்திதானே, கண்ணுகளா?

மறுநாள் காலை பெரட்டில், அதாவது எங்களை எண்ணி வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில், பெரிய கிளாக்கர் கிருஷ்ணராஜ் ஐயா அதன் ‘மகத்துவத்தை’ விளக்கினார்.

“கம்பியில வாற இன்டர்நெட்ட இது காத்துல பரப்பும். ரெண்டு அலை இருக்கு. ஒண்ணு மெதுவாப் போகும், ஆனா செவரத் தாண்டும். மத்தது பறக்கும், ஆனா செவரக் கண்டாப் படுத்துரும்.”

“எங்க வீட்டு ஆளு மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் கருப்பம்மா.

ஐயா சிரிக்கவில்லை. நிர்வாகக் கருமத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

“யாரு முக்கியமோ அவுங்களுக்கு மொதல்ல வேகம் குடுக்கும். யாரத் தெரியுமோ அவுங்கள மட்டுந்தான் உள்ள விடும். நேரம் வச்சுட்டா, அந்த நேரத்துக்குத் தொறந்து அந்த நேரத்துக்குச் சாத்திரும்.”

வைத்த நேரம் காலை எட்டிலிருந்து மாலை நாலு. நாங்கள் அத்தனை பேரும் மலையில் கொழுந்து கிள்ளும் நேரம். நெரிசலே கிடையாது! இதைவிட நேர்த்தியான நிர்வாகம் எங்கே உண்டு? கோயில் காளாஞ்சி போல முதல் மரியாதை தொரை, அதாவது தோட்ட மேனேஜர், இருக்கும் பங்களாவுக்கு. அங்கே தொரையின் டிவி, தொரையின் லெப்டொப், தொரையின் நாய் புருனோ. கொழும்புக்குப் போனால் புருனோவின் முகம் பார்க்காமல் தொரைக்குச் சோறு இறங்காது. ஆகவே நாய்க்கூண்டில் ஒரு கமரா. கமராவுக்கு அலை குறையாதிருக்க, கூண்டின் தலைமாட்டில் ஒரு குட்டி ரவுட்டர்.

அப்போதுதான் அன்னலட்சுமி முன்னால் வந்தாள்.

“ஐயா, எம் மக துவாரகாவுக்கு வியாழக்கெழம பத்து மணிக்கு இன்டர்வியூ. நர்ஸ் படிப்புக்கு. போன்லயே மொகத்தப் பாத்துக் கேப்பாங்களாம். இத விட்டா அடுத்த வருசந்தாங்க.”

எங்கள் போன்களுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையில். அங்கே குளவி கூடு கட்டியிருந்தது. மண் சரிந்து பசறை பஸ்ஸும் நின்றிருந்தது. பிள்ளைக்கு மிஞ்சிய கதி ரவுட்டர்தான்.

“மக பேரு செக்ரோல்ல இருக்கா?” செக்ரோல் என்றால் வேலையாட்களின் பெயர்ப் பதிவு.

“படிக்கிற புள்ளைங்க. எப்படி இருக்கும்?”

“செக்ரோல்ல இல்லாத ஆள ரவுட்டருக்குத் தெரியாதும்மா.”

“இந்த லயத்து வீட்டுலயே பொறந்த புள்ளைங்க!”

“அது எனக்குத் தெரியும். ரவுட்டருக்குத் தெரியணுமே! ஒண்ணு செய்யி. நாளைக்கே பேரப் பதி. உள்ள விட்ரும்.”

“பதிஞ்சா?”

“பத்து மணிக்கு அவ மலையில கொழுந்து எடுக்கணும்.”

“மலையில நெட்டு வருங்களா?”

“மலைக்கு எதுக்கு நெட்டு? தேயிலைக்கா போன் வருது?”

தோட்டத்தை விட்டு வெளியேற ஒரு பிள்ளைக்கு இருந்த ஒரே வாசல், தோட்டத்துக்குப் பேர் கொடுத்தால்தான் திறக்கும். என்ன நுட்பம், பாருங்கள்!

ஆனாலும் கிளாக்கர் ஐயா கல்நெஞ்சர் அல்லர். அன்னலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“ரவுட்டர்ல புருனோ பேருல ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணு கமராவுக்கு. மத்தது சும்மாதான் கெடக்கு...”

“எம் மகள நாய் பேருல பதியச் சொல்றீங்களா?”

“பேருதாம்மா நாயி. வேகம் தொரை வேகம்.”

வியாழக்கிழமை துவாரகா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நாய்க்கூண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். சுவரைக் கண்டால் படுத்துவிடும் அலையல்லவா? தள்ளி உட்கார முடியாது. புருனோ வந்து அவள் மடியில் தலையை வைத்தது. குரைக்கவில்லை. அதற்கு எங்கள் எல்லோரையும் தெரியும், ரவுட்டருக்குத்தான் தெரியாது.

கேள்வியெல்லாம் முடிந்த பிறகு கொழும்பு மேடம் கேட்டாராம்: “பின்னால ஓடு போட்ட வீடு அழகா இருக்கே, உங்களோடதா?”

“இல்லங்க மேடம், நாயோடது. எங்க குடும்பமே இருக்குற காம்பரா இதவிடச் சின்னதுங்க.”

மேடத்தின் கையில் பேனா அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதோ என்று பிள்ளை பயந்துபோனாள். நிற்கவில்லை. தொரை வேகம்.

துவாரகா தெரிவானாள். கிளாக்கர் ஐயா பூரித்துப்போய், ரவுட்டரின் முதல் சாதனையை ரவுட்டரின் பதிவில் உள்ளது உள்ளபடியே மேலிடத்துக்கு அறிவித்தார். பதில் வந்தது. பெரட்டில் எங்களை நிறுத்திவைத்து உரக்க வாசித்தார்:

“தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியுள்ள நமது தோட்டத்துப் பிள்ளை, திரு. புருனோ அவர்களை நிர்வாகம் பெருமையுடன் பாராட்டுகிறது.”

கைதட்டினோம், கண்ணுகளா, உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். இருநூறு வருஷமாக இந்த மலையில் நிற்கிறோம். ‘நமது பிள்ளை’ என்று நிர்வாகம் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பிள்ளைக்கு நாலு கால்.