மூன்றாம் ஓலையும் நீலக் கோழியும்

சேலையூர்,
21-1-1969

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தி தனசிங் ஐயா அவர்களுக்கு, அசரியா பணிவுடன் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஞாயிறு மத்தியானம் முதல் வீட்டில் அடுப்பு எரியவில்லை, என் மனைவி ரத்தினபாய் என்னோடு பேசவில்லை, ஆகையால் பல்லாவரத்தில் தங்கள் சுகத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன்.

என் மகள் ஜெயசீலிக்கும் தங்கள் குமாரனுக்கும் கோவிலில் கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, பெண்ணைப் பெற்ற நானே எழுந்து தடை சொன்னதாகத் தங்கள் மைத்துனி தபீதாள் அம்மாள் வந்து சொல்லியிருப்பார்கள். எழுந்தது உண்மை. ஆனால் மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரிட்டயரான பின் டாக்டர் காலையில் நடக்கச் சொன்னார், நடந்தால் ஏரி, ஏரியில் நீலக் கோழி, சிவப்பு மூக்கும் நெட்டைக் காலுமாய் ஒரு ஜோடி, எங்கள் கோவில் ஜன்னலுக்கு நேர் கீழே கோரைப்புல்லில் இடம் பிடித்திருக்கிறது. சேவல் தண்ணீர்ப் பூண்டை மூக்கில் ஏந்திப் பெட்டைக்கு முன்னால் குனிந்து குனிந்து நிற்கும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போய் வேறு பூண்டு கொண்டுவரும், இதை மூன்று வாரமாக நோட்டில் எழுதிவருகிறேன். பன்னிரண்டாம் நாள்தான் அவள் வாங்கிக்கொண்டாள். அந்த நாளை மட்டும் நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன் ஐயா. பாஸ்டர் ஐயா ஓலையை வாசித்து, "தடை அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம்" என்று நிறுத்திய அதே நேரம், எங்கிருந்தோ ஓர் அந்நியச் சேவல் அவர்கள் எல்லைக்குள் நுழைந்து நம்மவனை உதைத்துத் தண்ணீரில் அமுக்கியது. நான் எழுந்துவிட்டேன். ஜன்னல் வழியே சரியாகத் தெரியவில்லை என்று பெஞ்சு மேலும் ஏறிவிட்டேன்.

மணி அடிக்கும் ஏசுதாசன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "இன்னா சார், உன் பொண்ணு கல்யாணத்துக்கு நீயே எழுந்துகினா எப்டி, குந்து சார்" என்றான். பாஸ்டர் காரணம் கேட்டார். புத்தி கெட்டுப்போய் உள்ளதைச் சொன்னேன். கோழி என்றதும் அவர் முகம் கறுத்து, விசாரித்துத்தான் மேற்கொண்டு என்று புத்தகத்தை மூடிவிட்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்று கிழக்குத் தாம்பரம் முழுக்கப் பேச்சு. பிப்ரவரி ஐந்தாம் தேதிக் கல்யாணத்தைத் தாங்கள் நிறுத்திவிட்டால் நான் அந்த ஏரியில் விழவேண்டியதுதான், அதிலும் இடுப்பளவுதான் தண்ணீர். என் மகள் வாழ்வைக் கெடுத்த பாவி என்ற பெயர் எனக்கு வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், தங்கள் துணைவியாருக்கு ஸ்தோத்திரம். தங்கள் கோபத்தைக் கர்த்தர் தணிப்பாராக.

வெட்கத்துடன்,
அசரியா

பி.கு.: தபாலில் போடக் கொடுத்த இடத்தில் ஜெயசீலி இதைப் படித்துவிட்டாள். "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்கப்பா. நீங்க எழுந்திருக்காட்டி நானே எழுந்திருப்பேன். இந்த மாப்பிள்ளை வேணுமான்னு என்னை ஒருத்தரும் கேக்கலை" என்றாள். கேட்கவில்லைதான் ஐயா. இப்போது கேட்டேன். வேண்டாம் என்கிறாள். ஆகையால் மேலே கண்டதை எல்லாம் தள்ளிவிடவும். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தது எழுந்ததாகவே இருக்கட்டும்.