சம்பந்திகள் தூக்கிப் பிடித்த பந்தல்

கோபம் வந்தால் மனிதன் கத்தலாம், தட்டை வீசலாம், இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருக்கலாம். பந்தல் மட்டும் போடக் கூடாது. கோபத்தில் தோண்டுகிற குழி ஆழமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்காது. கோபக்காரனுக்கு எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும்.

ஐம்பதுகளில் நடந்தது இது. நான் மதுராந்தகத்தில் ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலேயே மாமா வீட்டோடு அங்கே போய்விட்டதால், எனக்குத் தெரிந்த மண் ஏரிக்கரைக் களிமண்தான். அப்பா, அம்மா, தங்கை எஸ்தர் மூவரும் நெம்மேலிக்குப் பக்கத்தில், கடலோரச் சேரியில் இருந்தார்கள். அப்பாவுக்கு அங்கே ஒரு சவுக்குத் தோப்பில் காவல் வேலை.

எஸ்தருக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் இஸ்ரவேல். ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கிற வேலை. அவனுடைய அப்பா பாக்கியநாதன் அந்த வேலையாட்கள் கூட்டத்துக்கே மேஸ்திரி. அந்த மனிதரிடம் ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் கையிலிருக்கும் தடியால் தட்டுவார். தட்டிவிட்டு, தண்டவாளத்தில் விரிசல் தேடுகிற மாதிரி தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். நிச்சயத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசல் நிலையைத் தட்டினார், தண்ணீர்க் குடத்தைத் தட்டினார். (என் முதுகையும் கையால் தட்டினார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தார்.)

வரதட்சணை என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"சம்பந்தி, எங்க ஆளுங்க வருசம் முச்சூடும் தண்டவாளத்துல வேகறவங்க. பெரிய பையன் கல்யாணத்துல எங்கள வெயில்ல குந்த வெச்சி சோறு போட்டாங்க. அத நான் இன்னும் மறக்கல. நல்ல நெழலு வோணும். நெழலு இல்லன்னா, தாலி கட்ன கையோட பொண்ண இட்டுகினு போயிடுவோம். உங்க வூட்டுல கை நனைக்க மாட்டோம். அப்பறம் பொண்ணு இந்தப் பக்கம் வரும்னு எதிர்பாக்காதீங்க."

அப்பா தலையாட்டினார். அம்மா எஸ்தரைப் பார்த்தாள். நான், "பந்தல என்கிட்ட வுடுங்க மாமா" என்றேன். என் வாய் அப்படி.

மதுராந்தகத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற ஒருவனிடம் போனேன். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டான். மூங்கில், கீற்று, ஆள் எல்லாம் தருவதாகச் சொன்னான். பிறகு, "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டான். சேரி என்றேன்.

"அடடா, மூங்கில் எல்லாம் வெளிய போயிருக்குதே" என்றான்.

"அப்ப பின்னால சாத்தி வெச்சிக்கிறியே, அது இன்னா? கரும்பா?"

"அது வேற ஆளுக்கு."

"அந்த வேற ஆளு எந்தத் தெரு?"

வாங்கிய வெற்றிலையை, என் கையில் படாதபடி, பலகையின் ஓரத்தில் வைத்துத் தள்ளினான்.

அங்கே நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். சொல்லிவிட்டு, "உன் மூங்கில நீயே வெச்சிக்க. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நானே போடுவன் பந்தலு. நீ வந்து பாத்து வயிறு எரியணும்" என்று கத்திவிட்டு வந்தேன். அதுவரை நான் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியதில்லை. அது தெருக்கோடி திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கழிக்குக் கவலை இல்லை. தோப்புக்காரர் அப்பாவுக்குச் சவுக்குக் கழிகள் கொடுத்தார். கூரைக்குத் தென்னங்கீற்று பின்னலாம் என்றார் அப்பா. எனக்கு அது போதவில்லை. கீற்றுப் பந்தல் எல்லோரும் போடுவார்கள். அந்த வாடகைக்காரன் பார்த்து வயிறு எரிய வேண்டுமே. கேளம்பாக்கத்தில் என் சிநேகிதன் காதர் அவன் மாமாவின் அரிசிக் கடையில் இருந்தான். லாரியில் மூட்டைகளை மூடுகிற பெரிய தார்ப்பாய் அவர்களிடம் இருந்தது.

"மச்சான், இது கிழிஞ்சா எங்க மாமா என்னைக் கிழிச்சிடுவாரு" என்றான் காதர்.

"கிழியாதுடா. நெழலுக்குத்தான."

வண்டியில் போட்டுக்கொண்டு அவனே கூட வந்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் ராத்திரி, நிலா வெளிச்சத்தில் குழி தோண்டினோம். களிமண்ணில் ஒரு முழக் குழி போதும். கடப்பாரையால் இடித்து மூடினால் யானையைக் கட்டலாம். மணல் வேறு ஜாதி. (மண்ணில்கூட.) தோண்டத் தோண்டப் பக்கத்திலிருந்து சரிந்து குழி தானே மூடிக்கொண்டது. ஒரு முழம் இறங்குவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "இடுப்பளவு தோண்டணும்டா. மணலு புடிக்காது."

"நான் மதுராந்தகத்துல பாக்காத பந்தலா?"

"பாத்திருப்ப. போட்டிருக்கியா?"

"நீ போப்பா."

போய்விட்டார். நான் தண்ணீர் ஊற்றி, மணலைக் காலால் மிதித்தேன். ஈர மணல் கல் மாதிரி இறுகியது. எட்டுக் கால்கள் நட்டு, மேலே குறுக்குக் கழிகள் கட்டி, தார்ப்பாயை இழுத்து முடிந்தோம். காதர் ஒரு காலை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. "கெட்டியாத்தான் கீது மச்சான்" என்றான் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. நான் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். அவ்வளவு அழகான பந்தலை அதற்கு முன் யாரும் போட்டதில்லை என்று தோன்றியது. (அப்போது காற்று இல்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை.)

காலையில் மாப்பிள்ளை வீட்டார் மாமல்லபுரம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் எல்லோரும் மேஸ்திரியின் ஆட்கள், தண்டவாளம் தூக்கித் தூக்கித் தோள் காய்த்தவர்கள். மேஸ்திரி பந்தலைப் பார்த்தார். தடியோடு முதல் பந்தல்காலை நோக்கி நடந்தார்.

விடியும்போதே ஊற்றிய தண்ணீர் காய்ந்து, கால்களைச் சுற்றி மணல் பொலபொலவென்று விட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஓடிப்போய்க் காலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"மாமா, காப்பி."

"குடிச்சிட்டேன்."

"சோடா."

"காலங்காத்தால சோடாவா?"

"கோயிலுக்கு நேரமாச்சி மாமா, ஐயரு காத்துகினு இருப்பாரு."

பக்கத்து ஊர் வேதக் கோயிலுக்கு எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனேன். பாதிரி ஐயர் ஜெபம் செய்தபோது எல்லோரும் தம்பதிக்காக வேண்டினார்கள். நான் எட்டுக் கால்களுக்காக வேண்டினேன்.

தாலி கட்டித் திரும்பும்போது உச்சி வெயில். பந்தலுக்குள் பாய் விரித்து, இலை போட்டு, முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டு ஆண்களை உட்கார வைத்துச் சோறு போட்டோம். மேஸ்திரி அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தார். "நெழலு நல்லாத்தான் கீது" என்றார். எஸ்தர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. அம்மா கறிக்குழம்பு வாளியைத் தூக்கினாள்.

அப்போது கடல் காற்று எழுந்தது.

அது தினமும் அந்த நேரத்தில் எழும் என்று சேரியில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். கீற்றென்றால் காற்று இடுக்குகளில் புகுந்து போய்விடும். தார்ப்பாயில் எங்கே புகும்? பாய் புடைத்தது, கட்டுமரத்துப் பாய் மாதிரி. கடல் பக்க மூலைக்கால் மணலிலிருந்து ஒரு விரல் மேலே வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

போய் அதன்மேல் சாய்ந்துகொண்டேன், சும்மா நிற்கிறவன் மாதிரி. அடுத்த கால் எழும்பியது. காதரைப் பார்த்தேன். அவன் ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "மச்சான், எங்க மாமா பாயி" என்றான். மூன்றாவது காலுக்கு அப்பா போனார். "அப்பவே சொன்னனேடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேஸ்திரி கையை இலையில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"இன்னாப்பா சாமேலு, ரொம்ப நேரமா அந்தக் கால கட்டிகினு நிக்கிற?"

"சும்மாதான் மாமா."

எழுந்தார். தடியை எடுத்தார். என் தலைக்கு மேலே, காலில் ஒரு தட்டு தட்டித் தலையைச் சாய்த்தார். அம்மா வாளியோடு அசையாமல் நின்றாள். அவர் வண்டியைப் பூட்டச் சொன்னால் முடிந்தது. எஸ்தர் இனி அம்மா முகத்தைப் பார்க்கப் போவதில்லை, என் ஒரு முழக் குழியால்.

"எவ்ளோ ஆழம்?" என்றார்.

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "ஒரு மொழம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரிய காற்று வந்தது. பந்தல் மொத்தமாக எழும்பியது. குழம்பு வாளிக்குள் மணல் விழுந்தது. மேஸ்திரி தடியைக் கீழே போட்டார். தண்டவாளத்தில் கொடுக்கிற அதே குரலில் கத்தினார்.

"டேய், ஆளுக்கொரு காலு. புடி. எறக்கு. ஏலே ஏலோ."

அவருடைய ஆட்கள் யோசிக்கவே இல்லை. அந்தக் குரல் கேட்டால் அவர்கள் கை தானே வேலை செய்யும். மாப்பிள்ளை இஸ்ரவேல் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுக்காலைப் பிடித்தான். "ஏலே ஏலோ" என்று எட்டுக் கால்களும் ஒரே சமயத்தில் மணலில் இறங்கின. பந்தல் நின்றது. கையை விட்டால் பறந்துவிடும்.

ஆக, சம்பந்தி வீட்டார் பந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்க, இலைகள் ஆளில்லாமல் கிடந்தன. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. செத்துப்போவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர்தான் எழுந்தாள். கல்யாணப் புடவையோடு, அடுப்படிச் சட்டியில் மணல் விழாமல் இருந்த குழம்பைச் சோற்றில் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி மாமனார் முன்னால் போய் நின்றாள். அவருக்கு இரண்டு கையும் பந்தல்காலில். அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு வாயைத் திறந்தார்.

மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். பெண்கள் எல்லோரும் கவளத்தோடு எழுந்தார்கள். ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பிடித்து, எல்லோரும் சாப்பிட்டார்கள். மேஸ்திரி கிளம்பும்போது என் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"நெழலு கேட்டேன், குடுத்துட்ட. அத நாங்களே தூக்கிப் புடிக்கணும்னு மட்டும் சொல்லாம வுட்டுட்டியே சாமேலு."

எஸ்தர் வருஷா வருஷம் அம்மா வீட்டுக்கு வந்தாள். (தார்ப்பாய் கிழிந்தது. காதரும் கிழிந்தான். என்னோடு வெகுநாள் பேசவில்லை.)

அன்று பிடித்த பந்தல்காலை வைத்தே சம்பந்தி வீட்டாரை அழைக்கிறோம். நடுக்கால் மச்சான், மூலைக்கால் சித்தப்பா, வடக்குக்கால் தாத்தா. அதோடு விடவில்லை. அடுத்து வந்த கல்யாணங்களில் யாரோ விளையாட்டாக மாப்பிள்ளையைப் பந்தல்காலைப் பிடிக்க வைத்து, மணப்பெண்ணை ஒரு கவளம் ஊட்டச் சொன்னார்கள். பிறகு எல்லாக் கல்யாணத்திலும் செய்தார்கள். பந்தல் போய் மண்டபம் வந்த பிறகும், சிமெண்டுத் தூணைப் பிடிக்க வைக்கிறார்கள். "ஏலே ஏலோ" உண்டு. ஊட்டிய பிறகு மாப்பிள்ளை, "உப்பு கம்மி" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டார்கள்.

போன மாதம் எஸ்தரின் பேத்தி கல்யாணம். மாப்பிள்ளை சென்னைப் பையன். தூணைப் பிடித்தபடி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான்.

"அது எங்க பரம்பரை வழக்கம் தம்பி. அந்தக் காலத்துலருந்து வருது" என்றாள் எஸ்தர், என்னைப் பார்த்துக்கொண்டே.

முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாடகைக்காரன் அன்றைக்கு மூங்கில் கொடுத்திருந்தால் எங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒரு சடங்கே இருந்திருக்காது. அதற்காக அவனுக்கு நான் நன்றி சொல்வேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.