கை நனைக்காத ஆடிட்டர்

மோர்ச் செம்பு ஆத்மநாதனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்றது. இஞ்சியும் கறிவேப்பிலையும் மிதக்கிற நல்ல மோர். திருமயத்திலிருந்து பஸ்ஸில் புழுதி தின்றபடி வந்தவனுக்கு அதை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு இன்னொரு செம்பு கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டான்.

"எனக்குத் தாகமே இல்லைங்க ஆச்சி," என்றான். சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளைக்குத் தாகம் இல்லை என்பதை அந்த வீட்டு எஜமானி மீனாள் ஆச்சி நம்பவில்லை. சரி, கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று செம்பை இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தார்கள்.

ஆத்மநாதனுக்குக் கூச்சம் எல்லாம் கிடையாது. அவனுக்கு இருந்தது பயம். திருவரங்குளத்தில் அவன் அப்பா நிலத்தை உழுதுகொண்டே மகனை பி.ஏ. படிக்க வைத்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிகிற நேரத்தில், யாரோ சொல்லி யாரோ கேட்டு, சென்னையில் வெள்ளைக்காரத் துரை நடத்துகிற பெரிய ஆடிட் கம்பெனியின் திருச்சிக் கிளையில் கோடை லீவுக்கு மட்டும் வேலை பழக அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பையன் தேறினால் பிரீமியம் என்கிற பயிற்சிப் பணம் வாங்காமலே ஆடிட்டருக்குப் படிக்க எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தேறாவிட்டால் அப்பாவின் ஏர்க்காலைப் பிடிக்க வேண்டியதுதான். அப்பாவோ பேச்சை நம்பி, மகன் ஆடிட்டராகிவிட்டான் என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

தேறினானா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் கிளையின் தலைமை ஆடிட்டர் சொக்கநாதன். கோட்டு, தலைப்பாகை, மூக்கு நுனியில் கண்ணாடி. தமிழ் தெரியும் என்பதற்கு ஆபீசில் அவர் அதிகம் அத்தாட்சி வைத்ததில்லை. அவருக்கு ஒரு விதி. கணக்குப் பார்க்கப் போகிற வீட்டில் ஆடிட்டர் கை நனைக்கக்கூடாது. சாப்பாடு வேண்டாம், காப்பி வேண்டாம், ஒரு அம்மன் காசு பெறுமான வெற்றிலைகூட வேண்டாம். உப்பைத் தின்றவன் பேனா வளைந்து கொடுக்கும் என்பது அவர் கட்சி. போன வருஷம் வேலை பழக வந்த ரெங்கராஜ் என்ற பையன் எங்கேயோ ஒரு கணக்கு வீட்டில் ஒரே ஒரு முறுக்கைக் கடித்தான். அன்று சாயங்காலமே அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான். ஆபீசில் இன்னும் அவன் பெயர் முறுக்கு ரெங்கராஜ்.

நேற்று சொக்கநாதன் ஆத்மநாதனைக் கூப்பிட்டு, திருமயத்துக்குத் தெற்கே இருக்கிற இந்தச் செட்டியூரில் அடைக்கப்பன் செட்டியாரின் அரிசி ஆலைக் கணக்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கை நனைக்காதே என்று விரலை ஆட்டினார். "சாப்பாட்டுக்கு என்ன செய்யணும்னா..." என்று அவர் இன்னும் ஏதோ ஆரம்பிக்கும்போது சென்னையிலிருந்து வந்திருந்த துரை மணியை அடித்தார். சொக்கநாதன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினவர் திரும்பி வரவில்லை. பட்டினி கிட என்றுதான் சொல்ல வந்திருப்பார் என்று ஆத்மநாதன் வாக்கியத்தைத் தானே முடித்துக்கொண்டான்.

இன்று பஸ் நின்ற இடத்திலேயே வில்வண்டி காத்திருந்தது. வண்டிக்காரன் திருப்பதி, "கணக்கு ஆபீசுத் தம்பிதானே? ஆச்சி கூட்டியாரச் சொன்னாக," என்று பையை வாங்கி வண்டியில் வைத்தான். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடந்த வீடு. ஆத்மநாதன் உள்ளே நுழைந்ததும் செட்டியார் இருக்கிறாரா, கணக்கை ஆரம்பிக்கலாமா என்று கேட்டான்.

"அவுக மத்தியான பஸ்ஸுக்கு வந்துருவாக. கணக்கு எங்க ஓடியா போயிரும்? வர்ற பிள்ளைக்கு வயிறாரச் சோறு போட்டுட்டுத்தான் கணக்குப் பாக்க விடணும்னு அவுக உத்தரவு," என்றார்கள் ஆச்சி.

அவுக என்றால் செட்டியார். கட்டியவர் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது என்பது ஆத்மநாதனுக்குத் தெரிந்ததுதான். பலே ஆளய்யா இந்த அடைக்கப்பன், ஊரில் இல்லாமலே வலை விரித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். அப்போதுதான் அந்த மோர்ச் செம்பு வந்தது.

மோரை மறுத்தாகிவிட்டது. அடுத்து உள்ளே வளவு முற்றத்தில் தலைவாழை இலை விழுகிற சத்தம் கேட்டது. ஆத்மநாதன் அவசரமாக, தான் வரும் வழியிலேயே திருமயத்தில் ஒரு காப்பி கிளப்பில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தான், பாவம்.

"கிளப்புலயா?" ஆச்சியின் முகம் சுருங்கியது. "குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி இங்க இருக்கையில, பிள்ளை கிளப்புல சாப்புட்டுச்சுன்னு தெரிஞ்சா அவுக என்னைய என்ன கேப்பாக?"

கிளப்புச் சோறு என்ன எண்ணெயில் செய்தது, எந்தத் தண்ணீரில் வெந்தது என்று ஆச்சி விசாரிக்கத் தொடங்கினார்கள். பேச்சை வெட்டுவதற்காக ஆத்மநாதன், ஆமாம், அதுதான் வயிற்றை லேசாக வலிக்கிறது, இனி எதுவும் இறங்காது என்று வயிற்றைப் பிடித்துக் காட்டினான். இது நல்ல யோசனை என்றுதான் அவனுக்கு அந்த நிமிஷம் பட்டது.

திருப்பதி வண்டியைப் பூட்டிக்கொண்டு போய் வைத்தியர் பெரியண்ணனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பெரியண்ணன் ஆத்மநாதனைப் பாயில் மல்லாத்தி, வயிற்றில் விரலை வைத்துத் தட்டினார். அது உறுமிக்கொண்டு பதில் சொன்னது. அவர் புருவத்தை உயர்த்தி இன்னொரு தரம் தட்டினார்.

"ஆச்சி, இந்தத் தம்பி கிளப்புப் பக்கமே போகலை. இது வலி இல்லை, பசி," என்று சொல்லிவிட்டு, நோயாளி சாப்பிட மறுத்த மோரை எடுத்துத் தாமே குடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

பொய் பொத்தென்று நடுவீட்டில் விழுந்து கிடந்தது. ஆச்சி அவனையே பார்த்தார்கள். விதியைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆத்மநாதனுக்குத் தோன்றியது. ஆனால் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, உங்கள் சோற்றைத் தின்றால் நான் உங்கள் கள்ளக் கணக்குக்கு உடந்தையாகிவிடுவேன் என்று அந்த வீட்டு அம்மாளிடமே எப்படிச் சொல்வது? அதனால் இன்னொரு பொய்யை எடுத்து முதல் பொய்யின் மேல் போட்டு மூடினான். தனக்கு விரதம் என்றும், விரதத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பதால்தான் கிளப்பை இழுத்ததாகவும், பிறத்தியார் வீட்டு அடுப்பில் வெந்தது எதுவும் தனக்கு ஆகாது என்றும் தழதழத்த குரலில் சொன்னான். பசியில் குரல் தானாகவே தழதழத்தது.

ஆச்சி உருகிப் போனார்கள். இந்த வயசில் இப்படிப் பக்தியா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு கொல்லைப் பக்கமாகப் போய்க் குரல் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் புது மண்பானை வந்தது. புது அகப்பை வந்தது. மூன்று கல், விறகு, கழுவிய காய்கறி, சுளகில் முத்து முத்தாகச் சீரகச் சம்பா எல்லாம் வந்து வரிசையாக நின்றன. பிறத்தியார் அடுப்புத்தானே ஆகாது, தானே பொங்கித் தின்னலாமே என்றார்கள் ஆச்சி.

ஆத்மநாதன் சுளகைப் பார்த்தான். அடுப்பு புதுசு, பானை புதுசு, அரிசி யாருடையது? செட்டியாருடையது. ஆலை அரிசி. எந்த இருப்பைச் சரிபார்க்க வந்தானோ அந்த இருப்பிலேயே ஒரு படியைத் தின்றுவிட்டு மீதியைச் சரிபார்ப்பதா?

"அரிசியும் ஆகாதுங்க ஆச்சி," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆச்சியின் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"எங்க வீட்டு அரிசிக்கு என்ன கொறச்சல் தம்பி? நாங்க என்ன ஆகாதவுகளா, பகையாளியா? வீடு தேடி வந்த பிள்ளை பட்டினியா உக்காந்திருக்கையில நான் மட்டும் எப்படிச் சாப்புடுவேன்? நீங்க கை நனைக்கிற வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் எலை போட வேணாம்."

சொன்னபடியே ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சமையற்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. இதனால் எல்லாரையும்விட அதிகமாகப் பாதிக்கப்பட்டவன் திருப்பதி. விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டிவிட்டு, சாம்பார் வாசனையை நம்பி வளவு ஓரமாக உட்கார்ந்திருந்தவன், இப்போது ஆத்மநாதனைப் பார்த்த பார்வையில் சாட்டை இருந்தது.

ஆத்மநாதனுக்கு மெய்யாகவே வெட்கமாகிவிட்டது. அந்த அம்மாள் நல்லவர்கள். அம்மா முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் முறுக்கு ரெங்கராஜின் முகம் அதைவிடத் தெளிவாக வந்தது. கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பின் தெருவில் இறங்கினான்.

அங்கே தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. நாயனம் ஊதியது. யாரோ ஒருவர் வீட்டுப் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. நெய் வாசனை வந்து ஆத்மநாதனின் கையைப் பிடித்து இழுத்தது. அவன் தூணோரம் நின்று நியாயம் பேசினான். விதி என்ன? கணக்குப் பார்க்கிற வீட்டில் கை நனைக்கக்கூடாது. இது வேறு தெரு, வேறு வீடு. இங்கே சாப்பிட்டுவிட்டுப் போனால், விரதம் முடிந்தது என்று ஆச்சியிடம் சொல்லலாம். அவர்களும் சாப்பிடுவார்கள், திருப்பதியும் பிழைப்பான், விதியும் பிழைக்கும். சொக்கநாதனே இங்கே நின்றிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பார்.

அவன் யோசித்து முடிப்பதற்குள், மார்பெல்லாம் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் அவன் தோளை அணைத்து, மாமன் வீட்டுப் பிள்ளை இப்படியா ஒதுங்கி நிற்பது என்று பந்தியில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டார். எந்த மாமன் என்று ஆத்மநாதன் கேட்கவில்லை. பருப்பும் நெய்யும் விழுந்தன. வெண்டைக்காய் மண்டி விழுந்தது. உருளைக்கிழங்கு, சீயம், தேங்காய்ப்பூ தூவின கவுனரிசி. பெரியவர் அவன் பக்கத்திலேயே நின்று, இன்னும் போடு, இன்னும் போடு என்று பரிமாறுகிறவர்களை விரட்டினார். ஆத்மநாதன் மோர்ச்சோற்றுக்கு வந்தபோது வேட்டியின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. எழுந்து கை கழுவி, பெரியவர் மடித்துக் கொடுத்த வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டான். மனசு லேசாக இருந்தது. இத்தனை சோதனையிலும் வழுவாமல் நின்றதற்கு மோட்ச லோகத்தில் ஆடிட்டர்களுக்கென்று தனி இடம் இருந்தால் அதில் தனக்கு ஒரு நாற்காலி நிச்சயம் என்று பட்டது.

அப்போது திருப்பதி மூச்சு வாங்க ஓடிவந்தான். ஆத்மநாதனின் சிவந்த வாயைப் பார்த்தான், எச்சில் இலையைப் பார்த்தான், அவன் தோளில் கைபோட்டிருந்த சந்தன மார்புப் பெரியவரைப் பார்த்தான். மேல்துண்டை அவிழ்த்துப் பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"அவுக பஸ்ஸுல வந்துட்டாக, ஒங்களத்தான் தேடுறாக," என்றான் ஆத்மநாதனிடம். பிறகு பசியும் கோபமுமாக அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"கணக்குப் பாக்க வந்த அடைக்கப்பஞ் செட்டியார் வீட்டுல இப்படி வெற்றிலை வரைக்கும் ஒரு கை பாத்துட்டு நிக்கிற ஆளு, ஒங்க ஆபீசு சொக்கநாதஞ் செட்டியார் வீட்டுல மட்டும் ஏன் தம்பி பச்சத் தண்ணிகூட ஆகாதுன்னீக?"