மிக்ஸிக்குப் பதில் முடி

மிக்ஸி இருக்கவேண்டிய பெட்டியிலிருந்து கேஷியர் எடுத்தது ஒரு டோப்பா. கறுகறுவென்று, நெற்றியில் சுருள் விழ, யாரோ இப்போதுதான் வாரிவிட்டதுபோல் இருந்தது.

"உயிரோட இருக்கா?" என்றாள் மனைவி, தள்ளி நின்றபடி.

"வெறும் முடிதான்."

"இதுல எப்படிங்க அரைக்கிறது?"

கேஷியர் விற்பனையாளருக்குப் போன் போட்டார். தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டுதான் பேசினார். காரணம், மேல்மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர். சண்டைக்காரக் குடித்தனம் அவருக்கு ஆகாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, காலி செய்யச் சொல்வதா என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக இருந்தார்.

"நாங்க மிக்ஸி மட்டும்தான் சார் விக்கிறோம். முடி எங்ககிட்ட கிடையாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பெட்டிமேல ஒட்டின முகவரித் தாளைப் படம் எடுத்து அனுப்புங்க."

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டேனே" என்றார் கேஷியர். பார்சல் வந்தால் அந்தத் தாளைப் பிய்த்துப் பொடிப்பொடியாகக் கிழித்த பிறகுதான் மற்ற வேலை அவருக்கு. அதிலிருக்கும் போன் நம்பர் திருடன் கையில் சிக்கினால் வங்கிக் கணக்கு காலி என்று ஊருக்கே உபதேசம் செய்பவர்.

"சரி, பொருளோட படமாவது அனுப்புங்க."

மேஜைமேல் வைத்து எடுத்ததில் செத்த பூனைபோல் இருந்தது. தலையில் வைத்துக்கொண்டு எடுத்து அனுப்பினார்.

"எடுப்பாத்தான் சார் இருக்கு. ஆனா இது போதாது. பெட்டியைப் பிரிக்கிறப்ப எடுத்த வீடியோ வேணும்."

கேஷியர் டோப்பாவை மறுபடி பெட்டிக்குள் வைத்து ஒட்டினார். மனைவி போனைப் பிடித்தாள்.

"கொஞ்சம் ஆச்சரியப்படுங்க. சம்பளம் ஏத்தின மாதிரி."

அனுப்பிய வீடியோவுக்கு உடனே பதில் வந்தது.

"சார், பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே 'ஐயையோ முடி'ன்னு சொல்றீங்க."

மறுநாள் மாடிப்படியில் ஹவுஸ் ஓனர் வழிமறித்தார். கொளுத்தும் வெயிலில் தலையைச் சுற்றி மஃப்ளர். சட்டைப்பையில் வழக்கம்போல் சீப்பு.

"உங்களுக்கு ஏதாச்சும் பார்சல் வந்துச்சா?"

தலையணையையும் மீறிச் சத்தம் கேட்டுவிட்டதோ என்று பயந்தார் கேஷியர். "பார்சலா? நாங்க எதுவுமே வாங்குறதில்லீங்களே."

"சும்மாதான் கேட்டேன்" என்று மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நகர்ந்தார்.

வீட்டுக்குள் மனைவி கூரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். மேலே ஏதோ சர்ரென்று ஓடியது.

"கேட்டீங்களா? புது மிக்ஸி. ஓனர் வீட்டு அக்கா வாய் திறந்து கேக்கவே இல்லையாம், அவரே வாங்கிக் குடுத்திருக்கார். ஆம்பளைன்னா அப்படி இருக்கணும். நீங்க எனக்கு மயிரை வாங்கிக் குடுத்திருக்கீங்க."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டோப்பாவோடு எடுத்த படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டு, "மிக்ஸி கேட்டேன், இதை அனுப்பினார்கள்" என்று எழுதினார். மாலைக்குள் கீழே கேள்விகள் குவிந்தன. பாதிப் பேர் அந்த முடி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

விற்பனையாளரே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"காலையிலேர்ந்து எல்லாரும் முடிதான் சார் கேக்குறாங்க. படத்தை எடுத்துடுங்க, புது மிக்ஸி அனுப்புறேன். ஒண்ணே ஒண்ணு. முடியை வச்சுக்கிட்டு மிக்ஸியையும் வாங்கிட்டாங்கன்னு ஆகக்கூடாது. அதைக் கண்டதுண்டமா வெட்டி வீடியோ அனுப்புங்க."

கேஷியர் கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு நாள் கோபமும் அதில் இறங்கியது. சுருள் முதலில் போனது, பிறகு காதோரம், பிறகு பிடரி.

"இதுல மட்டும் நடிப்பு பிரமாதம்" என்றாள் மனைவி.

வீடியோ போய்ச் சேர்ந்தது. நிம்மதியாக மூச்சு விட்டபோது கதவு மெல்லத் தட்டப்பட்டது. அன்று பார்சல் கொண்டுவந்த டெலிவரிக்காரர். மாடியை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், அன்னிக்கு ரெண்டு பெட்டியையும் மாத்திக் குடுத்துட்டேன். உங்க மிக்ஸி மேலதான் ஓடுது, அது இருக்கட்டும். ஓனரோட முடியை மட்டும் குடுங்க, அது தலையில ஏறினாத்தான் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கையெழுத்துப் போடக் கீழ வருவாராம்."